நடுப்பகல் மணியைக் காணோம்

துப்பறிவாளர் ஆறு மணிக்கு எழுந்தார். பல் துலக்கினார். தேநீர் போட்டார். குடித்தார். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சட்டைக்கு முன்பக்கம் மட்டும் இஸ்திரி போட்டார். பின்பக்கத்தைக் கோட்டு மறைத்துவிடும். ஏழரைக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கதவு தட்டும்போதே பேச்சுச் சத்தமும் கேட்டது. ஆகவே வந்திருப்பது மைத்துனன் என்று துப்பறிந்தார். அன்றைய முதல் வெற்றி அது.

மைத்துனன், மனைவியின் தம்பி. அலுவலகத்தில் அவருக்கு இருக்கும் ஒரே உதவியாளன். உறவுக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் ரேடியோ. செய்தவன் அணைக்கிற பித்தானை மட்டும் வைக்க மறந்துவிட்டான் என்று அவனைப் பெற்றவளே சொல்வாள்.

"மாமா, மடாலயத்துக்குப் போறதுக்குக் கோட்டு எதுக்கு?"

"சுற்றுலா வந்தவன் மாதிரி இருக்கணும்டா."

"சுற்றுலா வந்தவன் பையில பூதக்கண்ணாடி எதுக்கு? பிடி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது."

"கரண்டின்னு நினைச்சுப்பாங்க."

"அங்க முதல்ல காணாம போனதே கரண்டிதான் மாமா. நம்மளைத்தான் பிடிச்சுக் கட்டுவாங்க."

துப்பறிவாளர் பிடியை உள்ளே தள்ளினார்.

வழக்கு முந்தைய நாள் மாலை வந்தது. வந்தவள் சுற்றுலா அலுவலகம் ஒன்றில் வழிகாட்டி. நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. நின்று பேசுவதே பழகிவிட்டது என்றாள். ஆறு ஒன்று பாறைக்கு அடியிலிருந்து ஊற்றாகப் புறப்படும் இடத்தில் பழைய மடாலயம் இருக்கிறது. அங்கே அரை நாள் பயணம். எட்டு மணிக்கு பஸ் கிளம்பும். பதினொன்றே முக்காலுக்கு அங்கிருந்து திரும்பும். மூன்று வாரத்தில் மூன்று பொருள்கள் காணாமல் போயிருந்தன. ஒரு பித்தளைக் கரண்டி. வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகம். ஒரு ஜன்னல் கொக்கி.

"கொக்கியா?" என்றார் துப்பறிவாளர்.

"கொக்கிதான் சார். மூணும் என் குழு போன நாள்லதான் போச்சு. மத்த வழிகாட்டிங்க போற நாள்ல ஒரு குண்டூசி கூடத் தொலையறதில்லை. இன்னும் ஒண்ணு போச்சுன்னா மறுநாள்லேர்ந்து வராதேன்னு முதலாளி சொல்லிட்டார்." பிறகு, சற்றுத் தணிந்த குரலில் சொன்னாள். "என் வாழ்க்கையில என்னைப் பார்த்து 'பேசாம இரு'ன்னு யாரும் சொல்லாத இடம் இந்த வேலை ஒண்ணுதான் சார்."

அந்த நிமிடமே ரேடியோ அவள் கட்சியில் சேர்ந்துவிட்டான்.

பஸ்ஸில் அவர்களோடு சேர்த்துப் பதினாறு பேர். வழிகாட்டி கையில் சின்ன மஞ்சள் கொடி. வழியில் லாரி ஒன்று குறுக்கே நின்றதில் அரை மணி நேரம் வீணானது. மற்றபடி பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மடாலயம் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பாறைக்கு அடியில் இருந்த பொந்திலிருந்து ஆறு வெளியே வந்தது. துள்ளவில்லை, இரையவில்லை. தூங்கி எழுந்து மாடிப்படி இறங்கும் பெரிய மனிதர் மாதிரி நிதானமாக வந்தது.

வாயிலில் இருந்த காவலாளி எல்லோரையும் நிறுத்தி விதியைச் சொன்னார். துறவிகள் எழுந்ததிலிருந்து நடுப்பகல் மணி அடிக்கும் வரை பேசமாட்டார்கள். அவர்களைப் பேச வைக்கவும் கூடாது.

"எழுதிக் காட்டலாமா?" என்று கேட்டான் ரேடியோ.

"அதுவும் பேச்சுதான்."

"தலையாவது ஆட்டலாமா?"

"அது வம்புப் பேச்சு."

ரேடியோ மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "எனக்கு மூச்சு முட்டுது மாமா."

வழிகாட்டிக்கு ஒரு பழக்கம். கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்துகொண்டே கதை சொல்வாள், நாளுக்கு ஒரு புதுக் கதை. இந்த மடாலயத்தைக் கட்டிய கல்தச்சர் ஒருவரின் கதையை ஆரம்பித்தாள். கெட்டிக்காரர், வாய்த்துடுக்கு உள்ளவர், ஊரெல்லாம் பகை. ஒரு நாள் விடியற்காலை, ஊற்றின் வாய் எவ்வளவு ஆழம் என்று பார்க்கத் தனியாகப் போனார்.

"தனியா போனார்னு அவர் நினைச்சார்" என்றாள்.

கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு அவளைத் தொடர்ந்தது. முற்றத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் நடுவில் நெற்றி உயரமே உள்ள ஒரு கல்வாசல். "குனிஞ்சு வாங்க" என்று அவள் சொல்லத்தான் செய்தாள். யார் காதிலும் விழவில்லை. டொக். டொக். டொக். மரங்கொத்தி வேலை செய்வது போல வரிசையாகச் சத்தம் கேட்டது. துப்பறிவாளர் நுழையும்போது ஒரு முறை இடித்துக்கொண்டார். எதில் இடித்தோம் என்று திரும்பிப் பார்க்கப் போய் இன்னொரு முறை.

"வாசலுக்கு எதிரா ரெண்டு சாட்சி ஆயிடுச்சு மாமா" என்றான் ரேடியோ, தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

உணவுக்கூடம் நீளமாக, குளிர்ச்சியாக இருந்தது. மாடத்தில் அந்த நடுப்பகல் மணி. கைப்பிடி வைத்த வெண்கல மணி, தேங்காய் அளவு. துறவிகள் இருபத்திரண்டு பேரும் அங்கேதான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நாலு பேர் ஒரே மூலையைப் பெருக்கினார்கள். மூன்று பேர் ஒரே தட்டைத் துடைத்தார்கள். தலைமைத் துறவி பெரியவர், வெள்ளைத் தாடி. தூசியே இல்லாத ஜன்னலைத் துணியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"மறுநாள் காலை வரைக்கும் கல்தச்சர் திரும்பலை" என்றாள் வழிகாட்டி. "ஊற்றிலேர்ந்து அவரோட ஒற்றைச் செருப்பு மட்டும் மிதந்து வந்தது. அவரைத் தள்ளிவிடக் காரணம் இருந்தவங்க மூணு பேர். கூட வேலை செஞ்ச கொல்லர். அந்தக் காலத்து மடத்துத் தலைவர். அப்புறம் அவரோட மைத்துனன்."

எல்லோரும் ரேடியோவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கறீங்க?" என்றான் அவன்.

"தள்ளினது..." என்று ஆரம்பித்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். முகம் மாறியது. "ஐயையோ, நேரமாயிடுச்சு. வாங்க, ஊற்றைப் பார்த்துட்டு பஸ்ஸுக்குப் போயிடலாம். லேட்டானா முதலாளி திட்டுவார்."

கூட்டம் முனகிக்கொண்டே வெளியேறியது. துப்பறிவாளர் பயணிகளின் கைகளைக் கவனித்தபடி கடைசியாக வந்தார். கைகளை மட்டுமே கவனித்ததால் வாசலில் மூன்றாம் முறையும் இடித்துக்கொண்டார்.

ஊற்றருகே பத்து நிமிடம் ஆகியிருக்காது. காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"மணியைக் காணோம்! கதவைப் பூட்டிட்டேன். யாரும் நகரக்கூடாது!"

வழிகாட்டி பாறையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்து அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போச்சு சார்" என்றாள்.

"இருங்க" என்றார் துப்பறிவாளர். "தேங்காய் அளவு வெண்கல மணி. அதைச் சத்தம் வராம ஒருத்தன் எடுத்திருக்கான்னா—"

"உங்க கண் முன்னாடியே எடுத்திருக்கான்" என்று முடித்தான் ரேடியோ.

பைகளைச் சோதித்தார்கள். மூன்று குடை, ஒரு குடும்பத்துக்கே போதுமான பிஸ்கட், ஒருவர் பையில் இன்னொரு பை. மணி இல்லை. துறவிகளைக் கேட்கலாம் என்றான் ரேடியோ.

"எப்படிக் கேட்பீங்க?" என்றார் காவலாளி. "மணி அடிச்சாத்தான் அவங்க பேசலாம். மணி இருந்தாத்தான் அடிக்கலாம்."

"அப்ப மணியைக் கண்டுபிடிச்சாத்தான் மணியை எடுத்தது யாருன்னு கேட்க முடியுமா?"

"ஆமா."

"மாமா, எனக்குத் தலை சுத்துது."

"அது இடிச்சதுனால" என்றார் துப்பறிவாளர். சொன்னவர் அப்படியே நின்றார். கண்கள் அகலமாயின. பூதக்கண்ணாடியை உருவினார். "எல்லாரும் வரிசையா நில்லுங்க. நெற்றியைக் காட்டுங்க!"

பதினாலு நெற்றிகள் வரிசையாக நின்றன. அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். புடைப்பு. புடைப்பு. பெரிய புடைப்பு. ஒரு தையல்காரர் நெற்றியில் ஒன்றுமில்லை. ரேடியோ அவரைக் கல்வாசலில் நிறுத்தி அளந்து பார்த்தான். நான்கு விரல் இடைவெளி இருந்தது.

"உயரக் குறைவுனால நிரபராதி" என்று அறிவித்தான். தையல்காரர் முறைத்தார்.

கடைசி ஆள் தொப்பிக்காரர். தொப்பியை எடுக்கச் சொன்னதும் தயங்கினார். எடுத்தார். நெற்றி வழுவழுவென்று இருந்தது.

"இங்க இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார் துப்பறிவாளர்.

"முதல் தடவை."

"முதல் தடவை வர்ற யாரும் அந்த வாசல்ல இடிக்காம வர முடியாது. கதை அப்படி. குனியணும்னு உங்க கழுத்துக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. எத்தனாவது தடவை?"

தொப்பிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. "ஏழாவது" என்றார்.

கூட்டம் "ஆ" என்றது. ரேடியோ கைதட்டினான். துப்பறிவாளர் கோட்டைச் சரிசெய்துகொண்டார். பல நாளாக இந்த மாதிரி ஒரு நிமிடத்துக்குக் காத்திருந்தவர் அவர்.

"மணி எங்கே?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் முதலாளியோட சகலை. இந்தப் பொண்ணு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்க முதல்ல அனுப்பினார், சாமான் தொலைய ஆரம்பிச்சதும் திருடுதான்னு பார்க்கச் சொன்னார்."

அந்த நிமிடம் அங்கேயே செத்தது. வழிகாட்டி எழுந்து வந்து அவரை உற்றுப் பார்த்தாள்.

"போன வாரம் பெரிய மீசையோட வந்து குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டது நீங்கதானா?"

"ஒட்டு மீசைம்மா. கோவிச்சுக்காதே. கதை நல்லா இருந்துச்சு, அதான் கேட்டேன்."

"நான் எதையாவது எடுத்ததைப் பார்த்தீங்களா?"

"சத்தியமா இல்லை. ஏழு தடவையும் உன்னை விட்டுக் கண்ணை எடுக்கலை. எல்லாத்தையும் எழுதியே வெச்சிருக்கேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதே நேரம் அவருடைய போன் அடித்தது. பேசினார். பேசப் பேசக் குரல் இறங்கியது. வைத்துவிட்டு வழிகாட்டியைப் பார்க்காமல் சொன்னார். "பன்னிரண்டரைக்குள்ள மணி கிடைக்கலைன்னா கொடியை என்கிட்ட வாங்கி வரச் சொல்றார்."

மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அடித்துச் சொல்லத்தான் எதுவும் இல்லை. உணவுக்கூடத்தில் துறவிகள் தட்டுகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சாப்பாட்டில் ஆவி பறந்தது. பேசவும் முடியாது, உட்காரவும் முடியாது.

துப்பறிவாளர் நோட்டை ரேடியோவிடம் கொடுத்தார். "படி. சத்தமா."

"சத்தமா படின்னு என்கிட்ட சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்று ரேடியோ ஆரம்பித்தான். "முதல் பயணம். கதை முடிஞ்சது. களவு இல்லை. பதினொன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். ரெண்டாவது பயணம். பஸ் பஞ்சர். வந்து சேர நேரமாச்சு, கதை பாதியில நின்னுடுச்சு. கரண்டி காணோம். சோதனை நடந்தப்போ எல்லாரும் சும்மா இருக்கோமேன்னு பொண்ணு மீதிக் கதையைச் சொல்லுச்சு. பிரமாதம். கிளம்பினது பன்னிரண்டே முக்கால்."

"மேலே."

"மூணாவது. கதை முடிஞ்சது. களவு இல்லை. நாலாவது. ஒரு குழந்தை வாந்தி எடுத்ததுல நேரமாச்சு. கதை பாதி. கையெழுத்துப் புத்தகம் காணோம். மீதிக் கதை கேட்டு அழுதேன்." ரேடியோ நிமிர்ந்தான். "நீங்க அழுதீங்களா?"

"அது சோகக் கதைப்பா" என்றார் சகலை.

"அஞ்சாவது. கதை முடிஞ்சது. களவு இல்லை. ஆறாவது. மழை. கதை பாதி..."

"கொக்கி" என்றார் துப்பறிவாளர்.

"கொக்கி. எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?"

துப்பறிவாளர் கல்வாசலைப் பார்த்தார். உள்ளே மூன்று துறவிகள் இன்னும் அதே தட்டை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பயணிங்க தினமும் வேற வேற ஆளுங்க" என்றார். "பாதிக் கதையோட யார் வீட்டுக்குப் போனா என்ன, அவங்க திரும்ப வரப்போறதில்லை. ஆனா கதை பாதியில நிக்கறப்பல்லாம் ஒருத்தனுக்குப் பொறுக்கலை. ஒரு சாமானைக் காணாம அடிச்சா கதவைப் பூட்டுவாங்க. கதவைப் பூட்டினா இந்தப் பொண்ணு மீதியைச் சொல்லும். இந்தக் கணக்கு தெரிஞ்சவன் தினமும் இங்க இருக்கறவனாத்தான் இருக்கணும்."

எல்லோரும் காவலாளியைப் பார்த்தார்கள்.

"எனக்குக் காது மந்தம்ங்க, கிட்ட நின்னு பேசினாத்தான் கேட்கும்" என்றார் அவர். "கதை கேட்டதே இல்லை."

"உங்களைச் சொல்லலை" என்றார் துப்பறிவாளர். வழிகாட்டியின் பக்கம் திரும்பினார். "உள்ளே வாங்க. விட்ட இடத்திலேர்ந்து கதையைச் சொல்லுங்க. நான் கையைத் தூக்கினதும் நிறுத்திடணும்."

எல்லோரும் உள்ளே போனார்கள். இந்த முறை எல்லோரும் குனிந்தார்கள். துப்பறிவாளரைத் தவிர.

வழிகாட்டியின் குரல் முதலில் நடுங்கியது. இரண்டு வாக்கியத்தில் சரியாகிவிட்டது. கதைக்குள் போய்விட்டால் அவளுக்கு முதலாளி, மணி, கொடி எதுவும் ஞாபகம் இருப்பதில்லை போலிருந்தது. விடியற்காலை பனி. ஊற்றின் விளிம்பில் கல்தச்சர் குனிகிறார். பின்னால் ஈர மண்ணில் காலடிச் சத்தம். அவர் திரும்பாமலே சொல்கிறார், நீ வருவேன்னு எனக்குத் தெரியும்.

தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"அவர் திரும்பினார். அங்க நின்னது..."

துப்பறிவாளர் கையைத் தூக்கினார். "போதும். மீதி, மணி அடிச்ச பிறகு."

உணவுக்கூடம் கல்லாக நின்றது. எங்கோ ஒரு தட்டு விழுந்து உருண்டு, சுழன்று, அடங்கியது. வயதில் சின்னத் துறவி பக்கத்தில் இருந்த சமையல் துறவியைப் பார்த்தார். சமையல் துறவி தனக்குப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பார்வை ஒவ்வொரு ஆளாகக் கைமாறி வரிசையின் கோடி வரை போனது. கடைசியில் இருபத்தொரு துறவிகளும் தலைமைத் துறவியைப் பார்த்தார்கள். தலைமைத் துறவி கூரையைப் பார்த்தார்.

"பெரியவரே" என்றார் துப்பறிவாளர் பணிவாக. "சாப்பாடும் ஆறுது."

தலைமைத் துறவி பெருமூச்சு விட்டார். அது பேச்சில் சேருமா என்று காவலாளி யோசிப்பது தெரிந்தது. பெரியவரின் கை மெல்ல அங்கிக்குள் போனது. மணி வெளியே வந்தது. அதன் நாக்கில் ஒரு கம்பளிக் காலுறை மாட்டியிருந்தது. காலுறையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மணியை ஓங்கி மூன்று முறை அடித்தார்.

அடுத்த நொடி இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"யார் நின்னா?"

அவர்கள் அடங்க ஐந்து நிமிடம் ஆனது. ரேடியோவே காதைப் பொத்திக்கொண்டான்.

"கரண்டி நான். புத்தகம் நான்" என்றார் தலைமைத் துறவி. "கொக்கி இவர்."

"எனக்கு வேற எதுவும் கைக்கு எட்டலை" என்றார் சமையல் துறவி.

"எல்லாம் மாவுப் பானைக்குள்ள பத்திரமா இருக்கு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? கதை நிக்கறப்போ 'இன்னும் கொஞ்ச நேரம் இரும்மா'ன்னு கேட்க வாயைத் திறக்க முடியாது. மணி அடிச்சதும் கேட்கலாம்னா, அதுக்குக் கால் மணி முன்னாடியே பஸ்ஸைக் கிளப்பிடறாங்க. மத்த ரெண்டு வழிகாட்டிங்க நாள்ல நாங்க தோட்டத்துக்குப் போயிடுவோம்."

"இதுனால இவங்களுக்கு வேலையே போகப் போகுது, தெரியுமா?" என்றான் ரேடியோ. சிரிப்பில்லாமல் அவன் பேசிய முதல் வாக்கியம் அது.

பெரியவரின் முகம் சுண்டிப்போனது. தெரியாது என்பது பார்த்ததுமே தெரிந்தது. சகலையின் கையிலிருந்து போனைப் பிடுங்கி முதலாளியைக் கூப்பிட்டார். எதிர்முனையில் முதலாளி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்த பேச்சுக்கு முன்னால் அது எடுபடவில்லை.

"மணி என்கிட்ட இருந்துச்சு. மூணு சாமானும் நாங்கதான் எடுத்தோம். இனிமே பஸ் பன்னிரண்டரைக்குத்தான் கிளம்பணும். இந்தப் பொண்ணு வரணும். இவளை நிறுத்தினா உங்க பஸ் ஒண்ணு கூட இந்தக் கதவைத் தாண்டாது. என்ன? சரியா? சத்தமா சொல்லுங்க. ம். வைக்கிறேன்."

சகலை கொடியைக் கேட்கவில்லை. மாறாக, தரையில் விழுந்திருந்ததை எடுத்துத் துடைத்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"இத்தனை வருஷமா இங்க இருக்கீங்க" என்றான் ரேடியோ பெரியவரிடம். "கல்தச்சர் கதை உங்களுக்கே தெரியாதா?"

"எங்க ஏடு முழுக்கப் படிச்சவன் நான் தம்பி. அப்படி ஒரு ஆளே இருந்ததா இல்லை. இருந்திருந்தா முடிவை நானே படிச்சிருக்க மாட்டேனா?"

சொல்லிவிட்டுப் பெரியவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மற்ற இருபத்தொரு பேரும் சாப்பாட்டை விட்டுவிட்டு அவர் பின்னால் உட்கார்ந்தார்கள். பயணிகளும் உட்கார்ந்தார்கள். சகலை நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

மறுநாள் ரேடியோ எழுதிய வழக்குக் குறிப்பு இப்படி முடிந்திருந்தது: 'கண்ணீர் மல்கக் கைகூப்பிய வழிகாட்டி, தெய்வம் மாதிரி வந்தீர்கள் என்று நாத்தழுதழுக்கக் கூறினாள்.' துப்பறிவாளர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். கண்ணீரும் இல்லை, கைகூப்பலும் இல்லை. அவள் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துத் தூணுக்குப் பின்னால் இழுத்தாள். எட்டிக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவர் காதருகே அவள் உண்மையில் சொன்னது இதுதான்:

"சார், அங்க நின்னது யாருன்னு எனக்கே தெரியாது, தினமும் வாய்க்கு வந்ததைத்தான் சொல்றேன், நீங்க துப்பறியறவர்தானே, சட்டுனு ஒரு ஆளைச் சொல்லுங்க."